வேண்டாம் அம்மிணி, அந்தப் படிப்பு

அப்பிச்சி சொல்றதைச் சித்தே காதுல வாங்கிக்க அம்மிணி. கோளு, நெலா, வால்வெள்ளி, அதுக பக்கத்துல போய்ப் படம் புடிக்கற கலம், இதைத்தான் படிப்பேன்னு நீ வாயத் தொறந்ததுல இருந்து உங்கப்பா ஒழுங்காச் சோறு திங்கறதில்லை. நான் மாப்பிள்ளை பக்கம். பொண்ணைக் குடுத்த எடத்துல எதுத்துப் பேசற வழக்கம் நம்ம வகையறாவுல கெடையாது. அவரு என்ன சொல்றாரு? ஃபேஷன் டெக்னாலஜி படி, மெர்சண்டைசர் ஆகு, பையருக்கு மெயில் போடு, பொறவு நம்ம யூனிட்டைப் பாத்துக்கங்கறாரு. தங்கமான ரோசனை. அதை விட்டுப்போட்டு ஆகாசத்தைப் படிக்கறேங்கறயே, அந்தத் தொழில்ல இருக்கற கஷ்டத்தை எடுத்துச் சொல்றேன். கேட்டுப்போட்டு நீயே வேண்டாம்னுருவே.

மொதக் கஷ்டம் டெலிவரி. வீரபாண்டியில பொறந்து, பல்லடம் ரோட்டுல பனியன் கம்பெனி போர்டைப் படிச்சு எழுத்துக் கத்துக்கிட்ட புள்ளைக்கு இதைச் சொல்லித் தரோணுமா? ஆர்டர் கைக்கு வந்தா நூலு, நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், அட்டைப்பொட்டி, தூத்துக்குடி. ஒரு வாரம் தள்ளுனா, ஏரோப்ளேன்ல அனுப்பு, செலவு உன்றதுங்கறான் பையர். அங்க எப்படித் தெரியுமா? ஐரோப்பாக்காரங்க 2004 மார்ச்சுல ரொசெட்டான்னு ஒரு கலத்தை அனுப்பிச்சாங்க, ஒரு வால்வெள்ளியப் பாக்கறதுக்கு. அந்த வால்வெள்ளி பேரு சுரியுமோவ்-கெராசிமென்கோ. சொல்லி முடிக்கறதுக்குள்ள டீ ஆறிரும். கலம் போய்ச் சேந்தது 2014 ஆகஸ்ட்டு. பத்து வருசம்! அதுலயும் பாதி வழியில ரண்டரை வருசம் தூங்க வெச்சிருந்தாங்க. சரக்குப் பத்து வருசம் கழிச்சுப் போய்ச் சேந்தா நம்ம ஊருல எந்தப் பையர் வாங்குவான்? ஆர்டர் எடுத்த கம்பெனிதான் அதே போர்டோட நிக்குமா?

சரி, போய்ச் சேந்தாச்சு. நவம்பர் 12ஆம் தேதி ஃபிலேன்னு ஒரு பொட்டிய அந்த வால்வெள்ளி மேல எறக்குனாங்க. பூமியில 100 கிலோ கனம், அங்க ஒரு கிராம் எடைதான் இருக்கும்னு சொன்னாங்க. மேல போய் ஒக்காந்தா நிக்காது, எகிறிப்போயிரும்னு தெரிஞ்சுதான் குத்தி நிக்க ஈட்டி வெச்சு அனுப்பிச்சாங்க. அந்த நேரம் பாத்து ஈட்டி பாயலை. பொட்டி எகிறுச்சு. ரண்டு மணி நேரம் கிட்ட மேலயே மெதந்துட்டு, எங்கயோ ஒரு பாறை நெழல்ல போய்ச் சாஞ்சு படுத்துக்கிச்சு. வெய்யில் படாத எடம், சோலார் தகடு என்னத்தப் பண்ணும்? பேட்டரி ரண்டரை நாளுக்கு வந்துது. அந்த ரண்டரை நாளும் அதுல இருந்த கருவிக எதுவும் தலையில கை வெச்சு ஒக்காரலை, முடிஞ்சதெல்லாம் மோந்து பாத்து அனுப்பிக்கிட்டே இருந்துதுக. தாய்க்கலம் இன்னொரு வேலை பண்ணுச்சு. வால்வெள்ளியில இருந்து கெளம்பற ஆவியில கனத்தண்ணி எத்தனை பங்குன்னு அளந்துது. நம்ம கடல் தண்ணியில இருக்கறதப்போல மூணு மடங்கு! பூமிக்குத் தண்ணியக் கொண்டாந்து ஊத்துனதே வால்வெள்ளிதான்னு அதுவரைக்கும் அடிச்சுப் பேசிக்கிட்டு இருந்தவங்க எல்லாம், இந்த வகையறா வால்வெள்ளியா இருக்காதுன்னு கம்முனு ஆயிட்டாங்க. இத்தனை பாடும் பட்டு, கடைசியில “இது இல்லை”ங்கற ஒரு பதில். இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களாம். உனக்கெதுக்கு இந்த வம்பு?

ரண்டாவது, குடும்பத்துக்கு ஆகாது. உங்கம்மாவக் கேளு. சனிப்பெயர்ச்சிக்கு எத்தனை விளக்குப் போடறா! ஜோசியக்காரரு கட்டத்தைப் போட்டு, ஏழரை நடக்குதுன்னு சொன்னதுல இருந்து புதுசா ஒரு தையல் மிசினுகூட வாங்க விடலை. அமெரிக்காக்காரனும் ஐரோப்பாக்காரனும் ஒட்டுக்காச் சேந்து 1997ல கசீனின்னு ஒரு கலத்தை நேரா அந்தச் சனிக்கே அனுப்பிச்சானுக. 2004ல போய்ச் சேந்து 2017 வரைக்கும் அதையே சுத்துச்சு. பதிமூணு வருசம். ஏழரை முடிஞ்சு இன்னும் அஞ்சரை எச்சா. ஒரு பரிகாரமும் பண்ணாமயே அத்தனை வருசம் நல்லாத்தான் ஓடிச்சு. சனி சூரியனை ஒருக்காச் சுத்தறதுக்கு இருபத்தொம்பதரை வருசம் ஆகுது. முப்பது வருசம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருசம் தாழ்ந்தவனும் இல்லைன்னு நம்ம பெருசுக சொன்னது அந்தக் கணக்குத்தான். ஒரு கருவியும் இல்லாம, கயித்துக் கட்டல்ல படுத்துக்கிட்டு முப்பது வருசம் ஒரே புள்ளியப் பாத்திருக்கானுக பாரு, அவனுகளை நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்குது. சனிய நெனச்சு இல்லை.

அந்தச் சனிக்கு என்செலடஸ்னு ஒரு குட்டி நெலா. குறுக்களவு 500 கிலோமீட்டர்தான், இங்கிருந்து மெட்ராஸ் போறதவிடக் கொஞ்சம் எச்சா. மேல பூரா பனிக்கட்டி. 2005ல கசீனி பாக்குது, அதுக்குத் தெக்குத் துருவத்துல வெடிப்பு, வெடிப்புல இருந்து தண்ணி பீச்சுது. கலம் அந்தப் பீச்சலுக்குள்ளயே பூந்து போயி உப்பு இருக்குதான்னு பாத்துச்சு. இருந்துது. அடியில ஒரு கடலே கெடக்குதுன்னு கணக்குப் போட்டுட்டாங்க. இப்பக் கதையில முக்கியமான எடம் வருது. கலத்துல எரிபொருள் தீரப் போவுது. அப்படியே விட்டா என்னைக்காச்சும் ஒரு நாள் தடுமாறி அந்தக் குட்டி நெலா மேல விழுந்தாலும் விழுந்துரும், நம்ம ஊருக் கிருமி ஏதாச்சும் அதுல ஒட்டிக்கிட்டு இருந்தா அங்கத்த தண்ணி கெட்டுப்போயிரும்னு நெனச்சு, 2017 செப்டம்பர் 15ஆம் தேதி கலத்தை வேணும்னே சனிக்குள்ள எறக்கிச் சாம்பலாக்கிப்போட்டாங்க.

யாரும் குடிக்காத தண்ணி. யாரும் பாக்காத ஊரு. அதுக்காகத் தன்ற கலத்தையே எரிச்சுப்போட்டானுக, பைத்தியக்காரனுக. நம்ம எம்புட்டு வெவரம்! நொய்யலை வருசக்கணக்கா நாமளே கலர் கலராப் பாத்தோம். 1992ல கட்டுன ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணி தேங்கற தொட்டி ஆச்சுது. 2011 ஜனவரியில ஐகோர்ட்டு அத்தனை சாயப்பட்டறையும் மூடுன்னு சொன்ன பொறவுதான் சொட்டுத் தண்ணி வெளிய விடாமச் சுத்திகரிக்கறது எப்படின்னு நமக்குப் புத்தி வந்துது. நான் யாரையும் குத்தஞ் சொல்லலை அம்மிணி. நானும் சாயப்பட்டறைக்காரன்தான். என்ற கைநெகத்துல நீலம் போறதுக்கு எத்தனை வருசம் ஆச்சுதுன்னு உங்க அம்மிச்சியக் கேளு.

சாயம்னு சொன்னதும் ஞாபகம் வருது. உன்ற படிப்புல பாதி, அந்தக் கண்ணாடிக் கூண்டு ரூம்புக்குள்ள லேப்புப் பையன் பண்ற வேலைதான். என்ற காலத்துல ஷேடு பாக்கறதுன்னா கண்ணுதான். பையர் குடுத்த துண்டையும் நாங்க போட்ட லேப் டிப்பையும் ஒண்ணா வெச்சு வாசல்ல வெய்யில்ல பாப்போம். ஒரே கலருன்னு சத்தியமே பண்ணலாம். அதையே கடையில எரியற டியூப் லைட்டு அடியில கொண்டு போய்க் காமிச்சா ஒண்ணு செவப்படிக்கும், ஒண்ணு பச்சையடிக்கும். டோன் மாறிருச்சுன்னு மொத்த லாட்டையும் திருப்பி அடிச்சுப்போடுவாங்க. பொறவு வந்துது ஸ்பெக்ட்ரோ மிசினு. துணிமேல வெளிச்சத்தை அடிக்கும். எந்த அலைநீளத்துல எவ்வளவு திரும்பி வருதுன்னு 400 நானோமீட்டர்ல இருந்து 700 வரைக்கும் ஒவ்வொரு எட்டா அளந்து ஒரு வளைகோடு போடும். எங்க கோடு கீழ எறங்குதோ அந்த வெளிச்சத்தைத் துணி முழுங்கிருச்சுன்னு அர்த்தம். எந்தச் சாயம் எங்க முழுங்கும்னு தெரிஞ்சவன், துணியத் தொடாமயே அதுல என்ன சாயம் ஏறியிருக்குதுன்னு சொல்லிருவான். கண்ணுக்குத் தெரியற வெளிச்சம் 700லயே தீந்துருது, துணிக்கு அது போதும்.

2008 அக்டோபர் 22ஆம் தேதி வெடியால ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து சந்திரயான் போச்சுது பாரு, அதுல இதே சோலியப் பண்ற ஒரு கருவி. அமெரிக்காக்காரங்க குடுத்தனுப்பிச்சது, எம்-த்ரீன்னு பேரு. வெளக்கு சூரியன். துண்டு நெலா. படிக்கற தலை 100 கிலோமீட்டர் மேல. அது 700ல நிக்கலை, 3000 நானோமீட்டர் வரைக்கும் படிச்சுது. 2800க்கு மேல போனா கோடு தொங்குது. அந்த எடத்துல வெளிச்சத்தை முழுங்கறது தண்ணியும் அதோட பங்காளி ஹைட்ராக்சிலும்தான்.

இங்கதான் நீ நல்லாக் கவனிக்கோணும். நெலாவுல தண்ணி இல்லைங்கறது யாரு சொன்னது? தொட்டவங்க சொன்னது. 1969ல இருந்து 1972 வரைக்கும் பன்னெண்டு பேரு அங்க நடந்து, 382 கிலோ கல்லும் மண்ணும் அள்ளிக் கொண்டாந்தாங்க. ஆராய்ச்சிக்கு எடுத்தப்ப துளியூண்டு ஈரம் காட்டத்தான் செஞ்சுது. பொட்டி சரியா மூடலை, ஹூஸ்டன் ஊருக் காத்துல இருந்து ஏறுன ஈரம்னு சொல்லி ஒதுக்கிப்போட்டாங்க. நெலா எலும்பாட்டக் காஞ்சு கெடக்குதுன்னு புத்தகத்துல அச்சாயிருச்சு. நான் படிச்ச புத்தகத்துலயும் அப்படித்தான். கையில வெச்சிருந்தவன் இல்லைன்னான். 100 கிலோமீட்டர் தள்ளி நின்னவன் இருக்குதுன்னான். எவனை நம்பறது?

எம்-த்ரீக்காரங்களுக்கே நம்பிக்கை இல்லை. கருவிதான் கோளாறோன்னு நெனச்சாங்களாம். பொறவு பழைய கணக்கைத் தேடுனாங்க. சனிக்குப் போற வழியில கசீனி 1999ல நெலா பக்கமா ஒரு எட்டுப் போயிருந்துது. அப்ப எடுத்த அளவு பத்து வருசமாச் சும்மா கெடந்துது. எடுத்துப் பாத்தா அதுலயும் அதே தொங்கல். இன்னொரு வால்வெள்ளியத் தேடிப் போயிட்டிருந்த டீப் இம்பாக்ட் கலத்தை 2009 ஜூன்ல நெலாப் பக்கம் திருப்பிப் பாக்கச் சொன்னாங்க. அதுலயும் அதேதான். மூணு கலம், மூணு கருவி, ஒரே பதில். 2009 செப்டம்பர்ல ஊருக்குச் சொன்னாங்க. பாவம், சந்திரயான் ஆகஸ்ட்டுக் கடைசியிலயே பேச்சை நிறுத்திருச்சு. ரண்டு வருசம் ஓடோணும்னு அனுப்பிச்சது, பத்து மாசத்துல சூடு தாங்காம, தெசை காட்டற கருவி கெட்டு, முடிஞ்சுது. தான் என்னத்தக் கண்டுபுடிச்சோம்னு தாக்கல் வர்றப்ப அது இல்லை.

தண்ணின்னதும் கொடம் எடுத்துட்டு ஓடிராதே. மேல்மண்ணு ஒரு டன்னைப் புழிஞ்சாலும் ஒரு லிட்டர் கெடச்சாப் பெருசு. இதுக்கு ஆன செலவு 386 கோடி. வீண் செலவுன்னு உங்க பெரியப்பா சொல்லுவாரு. சொல்லட்டும். நம்ம பக்கம் ஒரு தை மாச முகூர்த்தத்துல மண்டபத்துக்கும் பந்திக்கும் எத்தனை கோடி போகுதுன்னு நான் கணக்கெடுக்க மாட்டேன். ஒறம்பரை கோவிச்சுக்கும்.

அந்தச் சந்திரயானுக்குத் திட்ட இயக்குநரா இருந்தவரு யாரு? பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடி. வாத்தியார் மகன். மயில்சாமி அண்ணாதுரை. கோயமுத்தூர்ல என்ஜினியரிங் படிச்சுப்போட்டு 1982ல இஸ்ரோவுக்குப் போனவரு. அந்த மனுசன் அன்னைக்கே ஒரு ஸ்பின்னிங் மில்லுல சேந்திருந்தா இந்நேரம் நிம்மதியா ரிட்டையர் ஆகி, நம்ம ஊருக் கல்யாணத்துல முன் வரிசையில ஒக்காந்து வடை பத்தலைன்னு சொல்லிக்கிட்டு இருந்திருப்பாரு. இப்படித்தான் கெட்டுப்போறாங்க, நம்ம பக்கத்துப் புள்ளைங்க.

ஆளு போனதோட விட்டாங்களா? மண்ணையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. நாமக்கல் மாவட்டத்துல, திருச்செங்கோடு, பரமத்தி வேலூர்ப் பக்கம் சித்தம்பூண்டின்னு ஒரு ஊரு. வெள்ளைக் கல்லாக் கெடக்கும், சோளம்கூட மொகஞ்சுளிச்சுட்டுத்தான் மொளைக்கும். அந்தக் கல்லுக்குப் பேரு அனார்த்தசைட். நெலாவுல வெள்ளையாத் தெரியற மேட்டுநெலம் பூரா அதே சாதிக் கல்லு. எறங்கற கலத்தையும் உருள்ற வண்டியவும் இங்கயே ஓட்டிப் பழக்கோணும்னா நெலா மண்ணு வேணும். வெளிநாட்டுல வாங்குனா வெலை கட்டுப்படியாகாது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து மண்ணியல்காரங்க சித்தம்பூண்டிக் கல்லையும் குன்னமலைக் கல்லையும் காமிச்சாங்க. ஒடைச்சு, அரைச்சு, நெலாத் தூசி எந்தப் பருமனோ அந்தப் பருமனுக்குச் சலிச்சு, பெங்களூருக்கு ஏறக்குறைய 50 டன் போச்சுது. அதை மெத்தையாப் பரப்பி, அதுமேலதான் வண்டிச் சக்கரத்தை உருட்டிப் பாத்தாங்க. நாமக்கல்லுன்னா முட்டை, லாரின்னு நெனச்சிட்டிருந்த ஊரு. நெலாவுக்கு ஒத்திகை பாத்த மண்ணும் அதுதான். சித்தம்பூண்டிக்காரங்க இதுக்குன்னு மீசைய முறுக்கிட்டுத் திரியலை. வெள்ளாமைக்கு ஒதவாத கல்லை எவனோ எடுத்துட்டுப் போனா நல்லதுதானேன்னு விட்டுட்டாங்க.

அடுத்த வம்பு, மானக்கேடு. நம்ம தொழில்ல சரக்கு ரிஜெக்ட் ஆனா என்ன பண்றோம்? காதும் காதும் வெச்சாப்புல காதர்பேட்டைக்கு அனுப்பிச்சு செகண்ட்ஸ்னு தள்ளிப்போடறோம். பக்கத்து யூனிட்டுக்காரனுக்கே தெரியாது. 2019 செப்டம்பர் 7ஆம் தேதி விடியறதுக்கு முன்னால சந்திரயான்-2ல இருந்து விக்ரம்ங்கற கலம் நெலாவுல எறங்குனப்ப ஊரே முழிச்சு டி.வி. முன்னால ஒக்காந்திருந்துது. இன்னும் ரண்டு கிலோமீட்டர்தான்னு இருக்கறப்பச் சத்தம் நின்னு போச்சுது. எந்தக் காதர்பேட்டைக்கு அனுப்பறது? உலகமே பாத்துது.

ஒடைஞ்சது எங்க கெடக்குதுன்னு கண்டுபுடிச்சுக் காமிச்சதாச்சும் பெரிய சயின்டிஸ்ட்டா? மதுரைப் பையன், சென்னையில வேலை, சண்முக சுப்பிரமணியன்னு பேரு. நாசா கலம் எடுத்த படத்தை, முன்னால எடுத்தது ஒண்ணு, பின்னால எடுத்தது ஒண்ணு, லேப்டாப்புல பக்கத்துப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ராத்திரி ராத்திரியாப் புள்ளி புள்ளியாப் பாத்திருக்கான். முன்னால இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி பின்னால இருந்துது. எழுதிப் போட்டான். நாசாக்காரன் சரி பாத்துட்டு டிசம்பர்ல அவன் பேரையே போட்டு ஊருக்குச் சொன்னான். நம்ம செக்கிங் டேபிள்ல, ஒத்தைத் தையல் விட்டுப்போனதைக்கூட எட்ட நின்னே புடிக்கற பொம்பளைங்க இருக்கறாங்களே, அவங்க ஒருத்தி கையிலயும் லேப்டாப் இல்லாம போனது அவன் அதிர்ஷ்டம்.

இஸ்ரோக்காரங்க பண்ணதுதான் எனக்குப் புடிச்சுது. சரியாப் போனா எப்படிப் போகும்னு கணக்குப் போடறதை விட்டுப்போட்டு, எதெது கெட்டுப்போகும், கெட்டா என்ன பண்றதுன்னு மொதல்ல இருந்து கணக்குப் போட்டாங்க. காலைப் பலமாக்குனாங்க, எரிபொருளை எச்சா ஊத்துனாங்க, எறங்கற எடத்தைப் பெருசாக்குனாங்க. 2023 ஆகஸ்ட் 23 பொழுதோட ஆறு மணிக்கு சந்திரயான்-3 பூ வெச்சாப்புல எறங்குச்சு. அதுக்குத் திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல், டிப்ளமோவுல ஆரம்பிச்சவரு.

எறங்கி என்ன பண்ணுச்சுன்னு கேளு, இதை யாரும் ஒழுங்காச் சொல்றதில்லை. மண்ணுக்குள்ள ஒரு சூட்டுமானியக் குத்துச்சு. சாஸ்தேன்னு பேரு. ஒரு சாண் நீளம்கூட மண்ணுக்குள்ள போகலை, வெறும் பத்து சென்டிமீட்டர், அதுல பத்து எடத்துல சூடு பாக்கற உணரி. என்ன பெரிய வித்தைங்கறயா? ஃபிலேவும் இதே வேலைக்குச் சுத்தியல் கொண்டு போயி அடிச்சுப் பாத்துது, எறங்கலை. செவ்வாய்க்குப் போன இன்சைட், அஞ்சு மீட்டர் எறக்கறேன்னு ஆணிய அடிச்சு அடிச்சு, மண்ணு புடிமானம் குடுக்காம, 2021ல கைய விரிச்சுப்போட்டாங்க. நம்மாளுக சுத்தியலே கொண்டு போகலை. மோட்டாரை வெச்சு நிதானமா அழுத்தி எறக்குனாங்க. எறங்கிருச்சு.

அது சொன்ன சங்கதியக் கேளு. மேல்மண்ணுல சூடு 82 டிகிரி. மேல இருந்து பாத்த கலத்துக் கணக்குப்படி அத்தனை இருக்கக் கூடாது. ஒரு மீட்டர் தள்ளி, கலத்தோட இன்னொரு கருவி பாத்த எடத்துல 59 டிகிரி. ஒரு எட்டு வெச்சா இருபது டிகிரிக்கு மேல வித்தியாசம்! காரணம் என்னன்னா, ஊசி குத்துன எடம் ஆறு டிகிரி சூரியன் பக்கம் சாஞ்சிருந்துது. அம்புட்டுத்தான். எட்டு சென்டிமீட்டர் கீழ போனா மைனஸ் பத்து. மேல இருந்து பாக்கறவனுக்கு ஒரு ஊருக்கே ஒரு சூடுதான் தெரியும், அந்தச் சாய்வு தெரியாது. கீழ குத்துனவனுக்கு அவன் குத்துன குழி மட்டும்தான் தெரியும். தண்ணி விசயத்துல தொட்டவன் தப்பாச் சொன்னான், சூட்டு விசயத்துல எட்ட இருந்தவன் தப்பாச் சொன்னான். இந்தப் பஞ்சாயத்து முடியவே முடியாது. ஆயுசு பூரா இதுல போய்த் தீர்ப்புச் சொல்லிக்கிட்டுக் கெடக்கோணும்னுதான் ஆசைப்படறயா?

வண்டி இருக்குதே, பிரக்ஞான், அது நூறு மீட்டர் சுத்தி இருபத்திமூணு எடத்துல மண்ணைப் படிச்சுது. என்ன மண்ணு? அனார்த்தசைட்தான். ஆதியில நெலா பூரா உருகுன கொழம்பாக் கொதிச்சப்ப, கனம் கொறைஞ்ச கல்லு மேல மெதந்து ஆடையாக் கட்டுச்சுங்கறது பழைய கருத்து. தெக்குப் பக்கமும் அதே கல்லுன்னதும் அந்தக் கருத்துக்கு எடை கூடிருச்சு. நம்ம சித்தம்பூண்டிக் கல்லு பொறந்த கதை வேற, அது பூமிக்கு உள்ள நடந்த சங்கதி. ஆனா அதுமேல உருண்டு பழகுன வண்டி, மூணேமுக்கால் லட்சம் கிலோமீட்டர் தாண்டிப் போயி அதே சாதிக் கல்லு மேல உருண்டுது பாத்தயா? இடுப்புல எனக்கே சிலிர்த்துது. வாதமா இருக்கும்னு உங்க அம்மிச்சி தைலம் தேச்சு விட்டா.

பொட்டப்புள்ளைக்கு இது சரிப்படாதுன்னு உங்க அத்தை சொன்னா. நியாயம்தான். சந்திரயான்-2க்குத் திட்ட இயக்குநர் வனிதா, மெட்ராஸ்காரம்மா. சூரியனைப் பாக்கப் போன ஆதித்யா எல்-1க்கு நிகார் சாஜி, செங்கோட்டைக்காரம்மா. ரண்டு பேரும் உங்க அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேக்காமப் போயிட்டாங்க.

வால்வெள்ளி பத்தி இன்னும் ஒண்ணு சொல்லிப்போடறேன், அது என்ற தொழிலுக்குச் சேந்த சங்கதி. 1986ல ஹாலி வால்வெள்ளி வந்தப்ப நாங்க மொட்டை மாடியில ஏறி நின்னு கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பாத்தோம், புகை மாதிரி ஒண்ணு தெரிஞ்சுது, தெரியலை. ஜொட்டோன்னு ஒரு கலம் 600 கிலோமீட்டர் பக்கத்துல போய் நடுக்கருவைப் படம் புடிச்சுது. பதினஞ்சு கிலோமீட்டர் நீளம். வெள்ளைப் பனின்னு நெனச்சது கரியவிடக் கருப்பு. நூத்துக்கு நாலு பங்கு வெளிச்சத்தைத்தான் திருப்பிக் குடுக்குது. பையர் கேக்கற ஜெட் பிளாக் கட்டறதுக்கு நாங்க எத்தனை குளி போட்டுச் செத்தோம்! அங்க ஒரு மாஸ்டரும் இல்லாம எவன் கட்டுனானோ அந்தக் கருப்பை. அது 2061ல திரும்ப வருது. நான் இருக்க மாட்டேன். உனக்கு அப்ப என்ற வயசுகூட ஆகியிருக்காது. போய்ப் பக்கத்துல பாத்துப்போட்டு, ஷேடு கரெக்டான்னு எவனாச்சும் டையிங் மாஸ்டருக்குச் சொல்லிவிடு.

என்ன இன்னும் ஒக்காந்திருக்கறே? போறதுன்னு முடிவு பண்ணிட்டயா? பண்ணிட்டயின்னா, ப்ளஸ் டூவுல கணக்கையும் பிசிக்ஸையும் ஒழுங்காப் படிச்சுத் தொலை. திருவனந்தபுரம் பக்கம் வலியமலையில இஸ்ரோவோட காலேஜு இருக்குது, ஐ.ஐ.எஸ்.டி. அதுக்கு ஜே.ஈ.ஈ. அட்வான்ஸ்டு எழுதோணும். அங்க கெடைக்கலைன்னாலும் எந்த நல்ல காலேஜுல பிசிக்ஸ், மண்ணியல் படிச்சாலும் வழி இருக்குது. கோளு, நெலா ஆராய்ச்சின்னா அகமதாபாத்துல பி.ஆர்.எல்.னு ஒண்ணு, அந்த சாஸ்தே கணக்கெல்லாம் போட்டவங்க அங்கதான் இருக்கறாங்க. காலேஜு வரைக்கும் காத்திருக்கோணும்னுகூட இல்லை. சந்திரயான்-3 எடுத்த அளவை 2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி இஸ்ரோ பொதுவுல போட்டிருச்சு, பிரதான்னு ஒரு தளத்துல, காசில்லாம. குமிஞ்சு கெடக்குது, எடுத்துப் பாக்க ஆள் இல்லை. ராத்திரி உங்கப்பா பில்லு போட்டு முடிச்சதும் ஆபீஸ் கம்ப்யூட்டர் சும்மாத்தான் இருக்குது. பேரைப் பதிஞ்சு வெச்சுக்க. பாஸ்வேர்டை மட்டும் உங்கப்பா பேருல வெக்காதே, மனுசன் படிக்காதவருன்னாலும் கணக்குல கெட்டி, தன்ற பேரைத்தான் மொதல்ல அடிச்சுப் பாப்பாரு.